அலையைத் திருப்பியவர்கள்

ஜெசிந்தா பதினான்கு ஆண்டுகள் ஒரே ஒரு மனிதரைக் குறிவைத்து வாழ்ந்தாள். மேற்படிப்புப் படித்தது, துறைத் தேர்வுகள் எழுதியது, மேலதிகாரிகளின் ஏச்சைச் சிரித்துக்கொண்டே விழுங்கியது எல்லாம் அவருக்காகத்தான். அவர் பெயர் பரஞ்சோதி. கடலலை மேலாண்மை மையத்தின் முதல் இயக்குநர். ஓய்வு பெற்றபின் வெள்ளிமணல் கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டு, காலையில் நடை, மாலையில் செடிக்குத் தண்ணீர் என்று நிம்மதியாக இருந்தார். அவர் விட்டுப்போன நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். மூன்றாவதாக ஜெசிந்தா வந்தாள். பதவியேற்ற அன்று அவள் பார்த்த முதல் வேலை, அவருடைய வீடு கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் தேடியதுதான். ஏழு அடி. போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

மையத்தின் கையில் இருந்த கருவிக்கு அலைத்திருப்பி என்று பெயர். கடல் ஏறிக்கொண்டே வந்தது. தலைமுறைக்கு ஒன்று என்றிருந்த புயல் வருஷத்துக்கு மூன்று என்று ஆனது. கொட்டிய கல்லையெல்லாம் கடல் விழுங்கிவிட்டதால், தடுப்புச்சுவர் கட்டுவதை அரசாங்கம் நிறுத்திவிட்டு இதைக் கொண்டுவந்தது. கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் இருநூற்றுச் சொச்சம் ராட்சச ரப்பர் பைகள் வரிசையாகக் கிடந்தன. பம்பு போட்டால் அவற்றில் தண்ணீர் நிறையும். நினைத்த இடத்தில் கடலுக்குள் ஒரு மேடு எழும்பும். வருகிற அலை அந்த மேட்டில் ஏறி வளைந்து வேறு பக்கம் போய்விடும். அப்படித்தான் துறைமுகம் பிழைத்தது. அப்படித்தான் சங்குமுனை அழிந்தது.

சங்குமுனை ஜெசிந்தாவின் ஊர். அந்த ஊரிலிருந்து மையத்தில் வேலை கிடைத்த ஒரே ஆள் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. புயல் வந்த அன்று காலையில் ஊரைக் காலி செய்ய ஆறு பேருந்துகள் வந்து மாதா கோயில் முன்னால் நின்றன. சனங்கள் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். பத்தேமுக்கால் மணிக்குப் பரஞ்சோதி அவளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். துறைமுகத்து ஆட்களை முன்னெச்சரிக்கையாக வெளியேற்றப் பேருந்துகள் வேண்டும், சாலையும் வேண்டும். சங்குமுனைக்கு ஆபத்து இல்லை, அலையைத் திருப்பியாயிற்று, வேற்றாள் சொன்னால் உன் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நீயே உன் குரலில் வாசி என்றார். கோயில் ஒலிபெருக்கியோடு தொலைபேசியை இணைத்திருந்தார்கள். அவள் வாசித்தாள். சனங்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். மூன்று மணிக்கு அலை வந்தது. முப்பத்தேழு பேர் செத்தார்கள். அவளுடைய கணவன் தஸ்நேவிஸ் அதில் ஒருவன்.

விசாரணைக் கமிஷன் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று எழுதி மூடியது. மிஞ்சியவர்களை முப்பது கிலோமீட்டர் உள்ளே, செம்மணல் தேரியில் ஒரு காலனி கட்டிக் குடிவைத்தார்கள். சங்குமுனை துறைமுகத்தின் கிடங்கு ஆனது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் கண்ணில் அது பட்டது. அன்று பத்து நாற்பதுக்கு, கணினியை ஒதுக்கிவிட்டு, ஒரு மனிதக் கை பைகளின் வரிசையை மாற்றியிருந்தது. துறைமுகத்தை நோக்கி வந்த அலையைச் சங்குமுனைக்குத் திருப்பிய கை. பரஞ்சோதியின் கடவுச்சொல்.

அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. கோர்ட்டுக்குப் போனால் அவருக்கு வக்கீல் கிடைப்பார். கடலிடம் மாட்டினால் யார் கிடைப்பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதிவைத் தாளில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

அவள் இயக்குநரான இரண்டாம் ஆண்டு, ஐப்பசியில், அந்தப் புயல் வந்தது.

விடிந்ததிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் யாரும் உட்காரவில்லை. திரையில் கரை நெடுகிலும் உள்ள ஊர்கள் வரிசையாக ஒளிர்ந்தன. பத்து மணிக்குக் கணினி தன் முடிவைச் சொன்னது. அலையைச் சிப்பிக்கரையில் இறக்க வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள மீனவர் ஊர் அது. சப்-கலெக்டர் புதிதாக வந்தவர், இளம்பெண். ஸ்பீக்கரில் அவருடைய குரல் கேட்டது.

"மேடம், இத்தனை பையையும் ஒண்ணா எழுப்பி அலையை அப்படியே நிறுத்திட முடியாதா?"

"முடியாது. அதோட விசை எங்கயாவது இறங்கித்தான் ஆகணும். எங்க இறங்கணும்னு மட்டும்தான் நாம சொல்ல முடியும்."

"அதைக் கம்ப்யூட்டர் எதை வச்சு முடிவு பண்ணுது?"

"முன்னெல்லாம் ஆள் எண்ணிக்கையை வச்சு, இப்ப கரையில இருக்கிற சொத்தோட மதிப்பை வச்சு. குடிசைக்கு மதிப்புக் குறைவு. அதனால எந்தப் புயல் வந்தாலும் அது ஒரே மாதிரி ஊரைத்தான் காட்டும்."

வேறு வழி இருக்கிறதா என்று சப்-கலெக்டர் கேட்டார்.

ஜெசிந்தா அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தாள். வெள்ளிமணல் என்று ஓர் இடம் இருக்கிறது, பதினொரு பங்களாக்கள்தான், மொத்தம் இருபத்தாறு பேர், ஒரே பேருந்தில் எல்லோரையும் ஏற்றிவிடலாம், அறுநூறு பேரை நாலு மணி நேரத்தில் கிளப்ப முடியாது என்று நிதானமாக விளக்கினாள். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இனித்தது. நியாயமும் பழியும் ஒரே திசையில் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? சப்-கலெக்டர் ஒப்புக்கொண்டார். பக்கத்தில் நின்ற இயக்கப் பொறியாளர் குணசீலியிடம் வரிசையை மாற்றச் சொல்லிவிட்டு, ஜெசிந்தா தன் கடவுச்சொல்லைத் தட்டினாள்.

பேருந்து வெள்ளிமணலுக்குப் போனது. பத்து வீடுகளுக்கும் அலுவலகத்திலிருந்து தகவல் போயிற்று. பதினோராவது வீட்டுக்குத் தானே பேசுவதாகச் சொல்லி, ஜெசிந்தா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆபத்து இல்லை, அலையைத் திருப்பியாயிற்று, வீட்டிலேயே இருங்கள். அவர் எழுதிக் கொடுத்த அதே வாக்கியங்கள். பேருந்து போன பிறகு அவர் அவற்றை அடையாளம் கண்டுகொள்வார். கண்டுகொண்ட பிறகு அவருக்குக் கிடைக்கப்போகிற ஒன்றிரண்டு மணி நேரத்தை நினைத்து நினைத்து அவள் எத்தனையோ நாள் பசியாறியிருக்கிறாள்.

அவர் உடனே எடுத்தார். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"மையத்திலிருந்து இயக்குநர் பேசறேன். ஜெசிந்தா தஸ்நேவிஸ்."

"சொல்லுங்கம்மா. காத்து ரொம்பப் பலமா இருக்கு. இந்தத் தடவை எங்க திருப்பறீங்க?"

"சங்குமுனை ஜெசிந்தா, சார்."

"சங்குமுனை..." அவர் யோசித்தார். "அங்க துறைமுகத்துக் கிடங்குதானே இருக்கு? தப்பா நினைக்காதீங்க, எனக்கு உங்களை ஞாபகம் வரலை. நாம சந்திச்சிருக்கோமா?"

நடிப்பு இல்லை. அந்தக் குரலில் மரியாதைதான் இருந்தது. ஒலிபெருக்கியில் தன் ஊரைத் திரும்பிப் போகச் சொன்ன பெண்ணை அவருக்கு நினைவில்லை. அந்தத் தாளை நினைவில்லை. சங்குமுனை என்றால் அவருக்குக் கிடங்கு.

ஜெசிந்தா ரிசீவரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவரை இப்போது கொன்றால் என்ன ஆகும்? அலை வரும், அஞ்சு நிமிஷத்தில் மூச்சு நின்றுவிடும். எதற்குச் சாகிறோம் என்று தெரியாமலே போய்ச் சேர்வார். எழுபத்துநாலு வயதில் புயலில் போன நல்ல மனிதர் என்று பேப்பரில் போடுவார்கள். அவளுக்கு உடம்பு எரிந்தது. அவ்வளவு லேசாக விட முடியாது.

"வெள்ளிமணலுக்குத்தான் திருப்பியிருக்கேன், சார்," என்றாள். "வாசல்ல பஸ் நிக்குது. ஒரே ஒரு பை எடுத்துக்கிட்டு ஏறிடுங்க."

அவர் பதறவில்லை. கணினி முதலில் காட்டிய ஊர் எது, அங்கே எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னதும், சரியான முடிவுதான் என்று பாராட்டிவிட்டு வைத்தார். அந்தப் பாராட்டு அவளுக்கு எச்சில் மாதிரி முகத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்றேகால் மணிக்கு அலை வெள்ளிமணலில் இறங்கியது. ஜெசிந்தா அதைக் கேமராவில் பார்த்தாள். பதினோராவது வீட்டின் மாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூந்தொட்டிகளோடு தண்ணீருக்குள் போனது. குணசீலி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அதை மறைக்கத் திரும்பி நின்று தண்ணீர் குடித்தாள்.

கரையில் வீடு இழந்தவர்களுக்கு மாற்றிடம் ஒதுக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் அவள் பொறுப்புதான். பத்துக் குடும்பங்களை நகரத்து முகாமுக்கு அனுப்பினாள். பரஞ்சோதியின் பெயருக்கு நேராகத் தேரி காலனி, நாலாம் வரிசை, காலியாகக் கிடந்த தகரக்கூரை வீடு என்று எழுதினாள். மனைவி இறந்து தனியாக இருக்கிற கிழவர், ஒற்றை அறை போதும் என்று குறிப்பும் எழுதினாள்.

காலனிக்காரர்களுக்கு எதையும் தெரிவிக்கவில்லை. அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். ஊர் முழுவதும் கூடியிருக்கும்போது, பதிவுத்தாளை ஒலிபெருக்கியில் வாசித்து, இவர்தான் என்று கையைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் பாடு, அவர் பாடு.

புயல் வேலைகள் ஓய மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தானே வண்டி ஓட்டிக்கொண்டு தேரிக்குப் போனாள். போய் நாலைந்து வருஷம் இருக்கும். எப்போது போனாலும் அரை மணி நேரத்துக்கு மேல் அவளால் அங்கே தங்க முடிந்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல், உடைமரம், முருங்கைத் தோட்டம். ஒருகாலத்தில் கடலில் வள்ளம் வலித்த ஆட்கள் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார்கள். காதைத் தீட்டிக் கேட்டாலும் கடல் சத்தம் கிடையாது.

பூசை முடிந்திருந்தது. சனங்கள் கலையாமல் கோயிலுக்கு முன்னால் போட்ட கீற்றுப் பந்தலின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பரஞ்சோதி இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வயது, ஒரு சங்கதி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று யாரோ ஒரு பெண் விரல்விட்டு எண்ணினாள். ஜெசிந்தா பந்தலின் ஓரத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

வியாகுலம் எழுந்து வந்தாள். தஸ்நேவிஸுக்கு அக்கா; ஜெசிந்தாவுக்கு மைனி. பத்தொன்பது வயது மகளை அந்த அலையில் கொடுத்தவள்.

"வந்திட்டியா, ஜெசி."

"இவர் யாருன்னு தெரியுமா, மைனி?"

"முத நாளே தெரியும். கமிஷன் நடந்தப்ப முப்பது பேரு போயி மூணு நாளு வாசல்ல நின்னோம்லா. அந்த மூஞ்சி மறக்குமா?"

பிறகு வியாகுலம் நடந்ததை மெதுவாகச் சொன்னாள். அவர் வந்து இறங்கிய அன்று, ரெண்டு மூணு பேர் அரிவாளைத் தேடினார்களாம். வியாகுலம்தான் தடுத்திருக்கிறாள். போய்ப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். அவர் சங்குமுனையில் முப்பத்தேழு பேர் என்ற எண்ணிக்கையைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகமில்லை என்றார். அப்படியானால் ஞாபகப்படுத்துவோம் என்று ஊர் முடிவு செய்தது. செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அந்த வீட்டு ஆள் எதிரே உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து அன்றைக்கு மூணு மணி வரைக்கும் சொல்லும். மறுநாள் அவர் அதுவரைக்கும் கேட்ட எல்லோரையும் வரிசையாகச் சொன்னால்தான் அடுத்த ஆள் பேசும். எழுதிவைக்க அவர் நோட்டு கொண்டுவந்தார், பிடுங்கிவிட்டார்கள். ஒரு பெயர் விட்டாலும் முதலிலிருந்து எல்லோரும் மறுபடி சொல்வார்கள். இது மூன்றாவது சுற்று.

"அவரு போகலையா? பூட்டியா வச்சிருக்கீங்க?"

"பூட்டலியே. கோயம்புத்தூர்லேருந்து மக காரு எடுத்துக்கிட்டு வந்தா. பையைத் தூக்கிட்டு ஏறப் போனாரு. நான் தடுக்கல. போங்க சார், போறதுக்கு முன்ன பதினெட்டாவது பேரு என்னன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கன்னேன். தெரியல. பையைக் கீழ வச்சிட்டாரு. இப்பம் தூக்கத்திலயும் பேருதான் சொல்லுதாருன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாவ. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

ஜெசிந்தா அவரை இன்னொரு தரம் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. தான் நினைத்துக்கூடப் பார்க்காத தண்டனை. தனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. கூடவே, தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்களே என்று ஒரு பொறாமையும் வந்தது. கைப்பையைத் திறந்து அந்தப் பதிவுத்தாளை நீட்டினாள். அன்று பத்து நாற்பதுக்கு இவர் கையால்தான் மாற்றினார், அத்தாட்சி இருக்கிறது, ஊர் முன்னால் வாசிக்கப் போகிறேன் என்றாள்.

வியாகுலம் அதை வாங்கவில்லை. பந்தலுக்குள் கையைக் காட்டினாள். பரஞ்சோதிக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

"அது உனக்குப் போட்டிருக்கு."

தஸ்நேவிஸைப் பற்றிச் சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள் என்று ஜெசிந்தா நினைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து சொல்கிறேன், மைனி என்றாள்.

"சொல்லுற ஆளுக்குப் பாய் போட்டிருக்கு. ஸ்டூலு கேக்குற ஆளுக்கு."

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. வியாகுலம் குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அன்னைக்கு எல்லாரும் பஸ்ஸ விட்டு இறங்கியாச்சு. தம்பி எங்கிட்ட வந்தான். ஜெசி போன் பண்ணுனா அக்கா, மைக்குல வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுதா, போன்ல நீ மட்டும் கடைசி பஸ்ஸில ஏறிப் போயிருன்னு சொல்லுதா, எனக்கு ஒண்ணும் விளங்கலன்னான். ஊரு பூரா இறங்கியிருக்கு, நான் மட்டும் எப்படி ஏறன்னு சொல்லிட்டு வலையை உள்ள எடுத்து வைக்கப் போனான். அதான் அவன் கடைசியாப் பேசினது."

செம்மணலில் காற்று அடித்தது. ஜெசிந்தா அந்தப் போனைப் பதினான்கு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அன்று பரஞ்சோதி கொடுத்த தாளை வாசிக்கப் போனபோது எதிரே திரை இருந்தது. திரையில் அலை போகும் திசையைச் சொல்லும் அம்பு சங்குமுனையைக் காட்டிக்கொண்டிருந்தது. சார், அம்பு எங்க ஊரைக் காட்டுதே என்று கேட்டாள். அது பழைய படம், வாசி என்றார். அவள் நம்பவில்லை. நம்பாமல்தான் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, வராந்தாவுக்குப் போய், ஒரே ஒருவனுக்குப் போன் செய்தாள்.

"தெரிஞ்சும் ஏன் மைனி இத்தனை வருஷமாக் கேக்கல?"

"கேட்டா ஏதாச்சும் பதில் சொல்லிட்டுப் போயிருப்ப. எங்களுக்குப் பதில் வேண்டாம்."

கூட்டத்தில் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வண்டிச் சாவி அவள் கையில்தான் இருந்தது. யாரும் அதைப் பிடுங்க வரவில்லை. அவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பரஞ்சோதி திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய மூச்சு பக்கத்தில் கேட்டது.

"உனக்குத் தெரிஞ்ச ஊருதான," என்றாள் வியாகுலம். "தெரிஞ்ச பேரு வரைக்கும் சொல்லு. விட்ட இடத்துலேருந்து நாங்க தொடங்குதோம்."

"தஸ்நேவிஸ்," என்றாள் ஜெசிந்தா. "அமலோற்பவம். தொம்மை மாமா..."

"மாமான்னு சொல்லாத. முழுப்பேரு."

முழுப்பேராகச் சொன்னாள். நாலு, அஞ்சு, ஆறு. தஸ்நேவிஸின் கூட்டாளிகள் இரண்டு பேர். அடுத்த வீட்டுக்காரி. ஒன்பது வந்தது. அதற்கு மேல் வரவில்லை. முப்பத்தேழு பேருக்காகத் தான் வாழ்ந்ததாக நினைத்திருந்தாள். தேடத் தேட முகங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நரைத்த தலை, கண் கொட்டாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து ஸ்டூலிலிருந்து பரஞ்சோதி தரையைப் பார்த்தபடியே, மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"சிலுவைக்கனி. வயசு ஆறு. சன்னலோரத்துல சீட்டு கிடைச்சதுன்னு, பஸ்ஸ விட்டு இறங்கவே மாட்டேன்னு அழுத பிள்ளை."

நரைத்த தலைக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சார், நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாது," என்றாள் வியாகுலம். பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "முதல்லேருந்து சொல்லு."